அடும்பங்கொடிக்கும் அலைக்கும் நடுவே

மாசி மாதத்து வெயில் தாழ்ந்த நேரம். நீலாங்கரையில் அலை ஏறி இறங்கும் ஈர மணலில் நின்றால் முதலில் தட்டுப்படுவது பேய் நண்டின் இரைதான். அலை வடியும்போது மணலில் கவட்டைக் குச்சி வடிவில் சிறு கோடுகள் தோன்றி மறையும். அந்த இடத்தைக் கையால் அள்ளினால் முட்டை வடிவப் பிராணி ஒன்று உள்ளங்கையைக் குடையும். எமரிட்டா ஏசியாட்டிகா என்று பெயர். கொடுக்கு கிடையாது, கடிக்கவும் தெரியாது. பின்பக்கமாகவே மணலுக்குள் புகும். உணர்கொம்பை வடியும் நீரில் விரித்து, அதில் சிக்கும் நுண்ணுயிர்களைத் தின்னும். இருட்டியதும் இதைத் தேடித்தான் மேட்டிலிருந்து நண்டுகள் இறங்குகின்றன.

நான் மேட்டை நோக்கி நடந்தேன். ஈரக்கோட்டை ஒட்டி விரல்கூட நுழையாத துளைகள், எல்லாம் பேய் நண்டுக் குஞ்சுகளுடையவை. மேலே போகப் போக வளை பெரிதாகிறது. அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்த இடத்தில் கை முஷ்டியே நுழையும். காரணம் எளிது. நண்டுக்கும் மீனைப் போலச் செவுள்தான், அது காயக்கூடாது. குஞ்சு சீக்கிரம் காய்ந்துவிடும், ஆழமாகத் தோண்டவும் அதற்கு வலுவில்லை. வளர்ந்த நண்டு ஒரு மீட்டருக்கு மேலும் தோண்டி அடியிலுள்ள ஈரத்தை எட்டிவிடும். பகல் வெயிலில் வாசலை மணலால் அடைத்துக்கொண்டு உள்ளேயே கிடக்கும்.

ஒரு பெரிய வளையருகே நின்றபடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சற்றுத் தள்ளி வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவருக்குப் பொறுக்கவில்லை.

“ஒக்காருங்க சார். நீங்க நின்னுக்கினே இருந்தா அது எப்டி வரும்?”

உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து இரண்டு கண்கள் மட்டும் வெளியே வந்தன. காம்பின் மேல் நிமிர்ந்து நிற்கும் அந்தக் கண்களுக்குச் சுற்றுவட்டாரம் முழுவதும் தெரியும். அப்புறம் உடம்பு. ஒரு பக்கக் கால்களில் மணலை அணைத்துக்கொண்டு பக்கவாட்டில் ஏறி வந்தது, வாசலுக்கு அப்பால் வீசியது, நின்று பார்த்தது, உள்ளே போய்விட்டது. மறுபடியும் மணலோடு வந்தது. இந்த வேலையை அலுப்பில்லாமல் பார்க்க முடிகிறது என்பதில் எனக்கே ஆச்சரியம். நெய்தல் நிலத்துப் பெண்கள் நண்டை விரட்டி விளையாடியதை, ‘அலவன் ஆட்டுதல்’ என்று சங்கப் பாடல்கள் சொல்லும். நண்டுக்கு அது விளையாட்டாக இருந்திருக்காது.

“இதச் சாப்புடுவீங்களாண்ணே?”

“இன்னா இருக்குது சார் இதுல? ஓடுதான்.”

இருட்டியதும் அது கடலை நோக்கிக் கிளம்பியது. ஈர மணலை அடைந்ததும் உடம்பைத் தாழ்த்தி அமர்ந்தது. கால்களின் அடிக்கட்டில் இருக்கும் மயிர்க்கற்றை மணலிலுள்ள நீரை உறிஞ்சிச் செவுள் அறைக்கு ஏற்றும். அலைக்குள் இறங்காமலே கடலைக் கொஞ்சம் மொண்டுகொள்கிற ஏற்பாடு. நான் எழுந்ததும் ஓட்டம் பிடித்தது. இந்த இனத்தில் நொடிக்கு 2 மீட்டர் வரை ஓடுகிறவை உண்டு. வேகம் கூடினால் கடைசிக் கால்களைத் தூக்கிக்கொண்டு மற்றவற்றால் ஓடும்.

இரண்டு கொடுக்குகளில் ஒன்று எப்போதும் பெரிது. அதன் உட்புறத்தில் வரிவரியாக மேடுகள் உண்டு. அவற்றைக் கையின் அடிப்பகுதியில் உரசி ஒலி எழுப்பும். அட்லாண்டிக் கரைப் பேய் நண்டு ஒரு படி மேலே போய், இரைப்பைக்குள் இருக்கும் பற்களை உரசியும் உறுமுகிறது என்று 2019இல் ஓர் ஆய்வு வந்தது. அதனால் கொடுக்கைச் சண்டைக்கு ஓங்கியபடியே மிரட்டலாம்.

இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடும் பருவமும் இதுவே. ஆமைக்குஞ்சைப் பேய் நண்டு வளைக்குள் இழுத்துக்கொண்டு போகும். முட்டையையும் விடாது. 1988 முதல் சென்னை மாணவர்கள் இரவில் நடந்து ஆமை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். நாய், மனிதர், கரை விளக்கு என்ற ஆபத்துகளோடு நண்டும் அவர்கள் கணக்கில் உண்டு. அதற்காக நண்டை வில்லனாக்க எனக்கு மனமில்லை. செத்த மீனையும் கரை ஒதுங்கிய கழிவையும் தின்று தீர்ப்பதும் இதுதானே.

முட்டை சுமக்கும் பெண் நண்டும் கடைசியில் கடலுக்குத்தான் போயாக வேண்டும். வயிற்று மடலுக்கடியில் வைத்திருக்கும் முட்டைகளைப் பொரியும் தருணத்தில் நீரில் உதிர்க்கும். இளம்பருவம் கடலில் மிதந்து வளர்ந்து, பிறகே கரையேறும். ஆக, ஈரக்கோட்டிலிருந்து அடும்பு வரையிலான பட்டை முழுவதும் இவற்றுக்கு வேண்டும்.

தெற்கே போனேன். ஒரு வீட்டின் சுற்றுச்சுவர் கடலை நெருங்கி நின்றது. அடும்பு இல்லை. கரையோரம் குஞ்சுகளின் துளைகள் இருந்தன. சுவரடியில் டார்ச் அடித்துத் தேடியும் பெரிய வளை ஒன்றுகூட இல்லை. காலடியும் வாகனச் சக்கரமும் மிகுந்த கரைகளில் வளைகள் குறைவதால், பல நாடுகளில் கடற்கரையின் நிலையை அறிய ஆய்வாளர்கள் வளைகளை எண்ணுகிறார்கள். இந்தச் சுவரடிக்கு அந்தச் சிரமம்கூடத் தேவையில்லை. மாடியிலிருந்து வெள்ளை விளக்கு மணல் முழுக்க விழுந்துகொண்டிருந்தது. ஆமைக்காக விளக்கை அணைக்கச் சொல்லிக் கதவைத் தட்டுகிறவர்கள் உண்டு. நண்டுக்காகத் தட்டியவரை நான் பார்த்ததில்லை.