மஞ்சள் ஒயரும் மாமாவின் காதும்



வீட்டில் ஒரு பையன் எலக்ட்ரானிக்ஸ் படித்தால் அந்தக் குடும்பத்துக்கு ரிப்பேர் செலவே கிடையாது என்று எங்கள் சொந்தக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. மிக்ஸியைக் கழற்றி மாட்டினால் இரண்டு ஸ்குரூ மிச்சம் வைக்கும் என்னை நம்பித்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் மாமா தன் கிராஜுவிட்டி பணத்திலிருந்து ரூ.70,000 எடுத்துக் கொடுத்தார்.

மாமா இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ரிங் பிரேம் பகுதியில் 31 வருடம் வேலை பார்த்தவர். தினமும் போக 12, வர 12 கி.மீ. பஸ் பயணம். ரிங் பிரேம் ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடமே கத்தித்தான் பேச வேண்டும். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார்.

"தியேட்டர் மாதிரி வேணும் மாப்ளே. வசனம் தெளிவாக் கேக்கணும், அது போதும்" என்றார்.

அவர் சொன்னதில் 'தியேட்டர்' மட்டுமே என் காதில் விழுந்தது.

கடையில் அட்டைப்பெட்டி மேல் போட்டிருந்த வாட்ஸைப் பார்த்து மயங்கினேன். ஒரே ஒரு சேனலை ஓடவிட்டு, 6 ஓம்ஸில், சத்தம் சிதறும் அளவுக்கு முறுக்கி அளந்த கணக்கையும் அப்படிப் பெரிதாகப் போடுவார்கள். பார்க்க வேண்டியது, 8 ஓம்ஸில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல் சேர்ந்து ஓடும்போது என்ன என்பதைத்தான். மாமா வீட்டு ஹாலுக்கு அதில் 50 வாட்ஸே தாராளம். கடைக்காரர் தங்கமுலாம் பூசிய எச்.டி.எம்.ஐ. ஒயரை நீட்டி "கலர் தூக்கலா வரும் தம்பி" என்றார். நல்லவேளை, அது மட்டும் வகுப்பில் கவனித்த பாடம்! டிஜிட்டல் சிக்னல் ஒழுங்காக வந்து சேர்ந்தால் முழுப்படம். சேராவிட்டால் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும், அல்லது படமே அற்றுப்போகும். தங்கத்தால் சிவப்பு கூடுதல் சிவப்பாகாது. 4கே படத்துக்கு 18 ஜிகாபிட் தாங்கும் ஒயரா என்று பார்த்து வாங்கினேன்.

மாமா மகள் கல்யாண டி.வி.டி. ஒன்று உண்டு. அதன் பிளேயரில் பழைய மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்தான். மஞ்சளில் வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வரும். அதனால்தான் பட்டுச்சேலைக் கரையில் நிறம் ஊர்ந்தது. ரிசீவரில் மஞ்சள் சாக்கெட் இருக்கிறதே என்று சொருகினேன். படம் வரவில்லை! மஞ்சளில் வருவதை எச்.டி.எம்.ஐ.யாக மாற்றித் தரும் வசதி எல்லா ரிசீவரிலும் கிடையாது. கடைசியில் மஞ்சளை நேரே டி.வி.க்கும், சிவப்பு வெள்ளையை ரிசீவருக்கும் கொடுத்தேன். அத்தை கல்யாணத்தைப் பார்த்து அழுதார். நானும் வெற்றி வீரனாக பஸ் ஏறினேன்.

பதினைந்து நாள் கழித்து அத்தை போன் செய்தார். "மாமா டி.வி. பக்கமே போறதில்லப்பா. 'இவ்வளவு பணம் போட்டும் புரியலைன்னா என் காதுதான் போச்சு'ன்னு உக்காந்திருக்காரு."

ஞாயிற்றுக்கிழமை ஓடினேன். படம் ஓடிக்கொண்டிருந்தது. நடு ஸ்பீக்கர் மேல் கையை வைத்தேன். அதிர்வே இல்லை. எனக்கு வியர்த்துவிட்டது.

தவறு இரண்டும் என்னுடையவை. டி.வி.யின் ஆடியோ அவுட்புட்டை பி.சி.எம். என்று விட்டிருந்தேன், அதனால் ஏ.ஆர்.சி. வழியாக இரண்டே சேனல் வந்தது. 'டைரக்ட்' பட்டனை அழுத்தினால் ஒலி சுத்தமாக இருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதையும் அழுத்தியிருந்தேன். பிறகு நடு ஸ்பீக்கருக்கு என்ன வேலை? வசனம் இசையோடு கலந்து இரண்டு ஓரத்திலிருந்து வந்தது. நேர் நடுவில் உட்கார்ந்தால் குரல் நடுவிலிருந்து வருவதுபோல் தோன்றும். மாமா கட்டிலோ இடது சுவரோரம்.

பிட்ஸ்ட்ரீமுக்கு மாற்றினேன். டால்பி 5.1 வந்தது. நடு ஸ்பீக்கரை மட்டும் 4 டெசிபல் கூட்டினேன். பழைய படங்களின் ஒற்றை ஒலியையும் நடுவுக்குத் தள்ளும்படி டால்பி சரவுண்டைப் போட்டு, 1952-ல் வந்த 'பராசக்தி'யில் கோர்ட் சீனை ஓட்டினேன். மாமாவின் உதடு வசனத்தோடு அசைந்தது. அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

ஆனாலும் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். மாமா பயந்ததில் பாதி நிஜம். இயந்திர இரைச்சல் முதலில் கெடுப்பது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தைத்தான். அ, ஆ எல்லாம் கேட்கும். ச, த, ப போன்றவை நழுவும். 'பத்து' என்றால் 'பட்டு' என்று கேட்கும். அவர் ஆடியோகிராம் கோடும் சரியாக அந்த இடத்தில்தான் பள்ளமாக இறங்கியிருந்தது. அந்தக் காதுக்குத்தான் நான் பதினைந்து நாள் வசனத்தை இசையில் கரைத்து ஊற்றியிருக்கிறேன்.

தெருவில் மாமா, "மாப்ள வந்து கைய வச்சான், காது திரும்பிருச்சு" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். அத்தை பால்கோவா கட்டிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன், தப்பு என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை.

இந்த மலரில் ஒரு பிரதி அவருக்குக் கொடுக்கப் போகிறேன். அடுத்த ஞாயிறு நானே கொண்டுபோகிறேன். பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் படித்து முடிக்கும்வரை இருக்க வேண்டும்.