கண்ணாடி மாளிகையிலிருந்து வெம்ப்ளிக்கு

தென்லண்டனில் மேடான ஒரு பகுதியில் இருக்கிறது கிரிஸ்டல் பேலஸ் பூங்கா. பெயரில் இருக்கும் மாளிகை இப்போது கிடையாது. 1936 நவம்பர் கடைசி நாளில் ஒரே இரவில் எரிந்து போனது. மிச்சமிருப்பவை அகலமான படிக்கட்டுகளும் சில ஸ்ஃபிங்ஸ் சிலைகளும்தான். கீழே குளத்தோரம் 1854இல் வைத்த டைனோசர் சிலைகள் நிற்கின்றன. வருகிறவர்கள் பெரும்பாலும் அவற்றைத்தான் தேடிப் போகிறார்கள். நான் தேடிப் போனது வேறு.

பூங்காவின் நடுவில் ஒரு தடகள மைதானம் உண்டு. முன்பு அந்த இடத்தில் பெரிய நீரூற்றுத் தொட்டி ஒன்று இருந்தது. அதைத் தூர்த்துக் கால்பந்து மைதானம் ஆக்கினார்கள். 1895 முதல் 1914 வரை ஆங்கிலக் கால்பந்துச் சங்கம் நடத்தும் எஃப்.ஏ. கோப்பையின் இறுதிப் போட்டிகள் இங்கேதான் நடந்தன. 1901இல் டாட்டன்ஹாம் அணியும் ஷெஃபீல்ட் யுனைடெட்டும் மோதியபோது வந்த கூட்டம் 1,10,820 பேர். அத்தனை பேருக்கு இருக்கை ஏது? சுற்றியிருந்த புல் சரிவுகளில் நின்றபடி பார்த்தார்கள். நான் போன வெள்ளிக்கிழமை ஓடுதளத்தில் இரண்டு பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள், சரிவில் ஒருவர் நாயை உலாத்திக்கொண்டிருந்தார். மறுநாள், 2025 மே 17, வெம்ப்ளியில் எஃப்.ஏ. கோப்பை இறுதி. ஒரு பக்கம் மான்செஸ்டர் சிட்டி. மறுபக்கம், இதே பூங்காவில் 1905இல் பிறந்து இதன் பெயரையே சுமக்கும் கிரிஸ்டல் பேலஸ் அணி.

சொந்த மண்ணில் இத்தனை இறுதிப் போட்டிகள் நடந்தும் பேலஸ் ஒன்றில்கூட ஆடியதில்லை. முதல் உலகப் போர் வந்ததும் கடற்படை மைதானத்தை எடுத்துக்கொண்டது. அணி இடம் மாறி, 1924இல் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் குடியேறியது. நூற்றிருபது ஆண்டு வரலாற்றில் அதுவரை பெரிய கோப்பை ஒன்றுகூட இல்லை.

செல்ஹர்ஸ்ட் பார்க்குக்கு அருகே தார்ன்டன் ஹீத்தில், நண்பனின் மாமா வீட்டில் தங்கியிருந்தேன். மாமா யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளில் வந்தவர். குரோய்டனிலிருந்து தார்ன்டன் ஹீத் வழியாகப் போகும் லண்டன் ரோட்டில் நடந்தால் தமிழ்ப் பலகை கண்ணில் படாமல் நூறடி தாண்ட முடியாது. மரவள்ளிக்கிழங்கு, முருங்கைக்காய், கருவாடு, நகைக்கடை, கொத்து ரொட்டி, ஊருக்குப் பணம் அனுப்பும் கடை என்று வரிசை கட்டி நிற்கும். அன்று ஒரு பலசரக்குக் கடையின் கதவில் வாழைப்பூவுக்கும் தொலைபேசி அட்டை விளம்பரத்துக்கும் நடுவே சிவப்பும் நீலமுமாய் ஒரு பேலஸ் கொடி தொங்கியது. கடைக்காரருக்குக் கால்பந்தில் ஆர்வம் உண்டா என்று கேட்டேன். "இல்லைத் தம்பி, மகன் கட்டினவன். அவிழ்த்தா வீட்டில சோறு கிடையாது" என்றார்.

செல்ஹர்ஸ்ட் பார்க்கைப் பார்த்தால் பிரீமியர் லீக் மைதானம் என்று நம்புவது கடினம். செங்கல் வீடுகளின் வரிசைக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. ஒரு பக்கக் கேலரியோடு ஒட்டியபடி சூப்பர்மார்க்கெட் ஒன்று இருக்கிறது. ஆட்டமில்லாத நாளில் காய்கறிப் பையோடு வெளியே வருகிறவர்கள் மைதானத்தை ஏறிட்டும் பார்ப்பதில்லை. அன்று மட்டும் பலர் நின்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மாலையில் மாமா தொலைக்காட்சியைப் போட்டார். செல்சியும் மான்செஸ்டர் யுனைடெட்டும் லீக் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தன. கோப்பை இறுதிக்கு முந்தின இரவு! மாமாவுக்கு அதுவே எரிச்சல்.

"நாங்கள் வந்த காலத்தில கப் ஃபைனல் எண்டா வேற ஒண்டும் நடக்காது தம்பி. காலமை தொடக்கம் ரீவி முன்னால இருப்பம். பஸ் ஹோட்டலில இருந்து வெளிக்கிடுறதையும் காட்டுவாங்கள். இப்ப பாரும், நாளைக்கு ஃபைனல் எண்டு எவனாவது சொல்லுறானா?"

அவர் சொன்னதில் மிகை இல்லை. லீக் ஆட்டங்கள் நேரலையில் அதிகம் வராத காலத்தில், முழு ஆட்டத்தை வீட்டிலிருந்து பார்க்கும் அரிய வாய்ப்பு இந்த இறுதிப் போட்டி. பிபிசியும் ஐடிவியும் போட்டி போட்டுக் காலையிலேயே ஒளிபரப்பைத் தொடங்கிவிடும். 1992இல் பிரீமியர் லீக் பிறந்து, தொலைக்காட்சிப் பணம் கொட்டத் தொடங்கியதும் அந்த அருமை போனது. வாரம் நான்கைந்து ஆட்டம் வீட்டுக்கே வரும்போது ஒரு சனிக்கிழமைக்கு என்ன தனி மவுசு?

சரிவைத் தொடங்கி வைத்ததாகப் பலரும் சுட்டுவது 1999ஐ. அந்த ஆண்டு கோப்பையை வென்ற மான்செஸ்டர் யுனைடெட், பிரேசிலில் நடந்த உலக கிளப் போட்டிக்குப் போவதற்காக அடுத்த ஆண்டு கோப்பையில் ஆடாமலே விலகியது. ஆங்கிலக் கால்பந்துச் சங்கமும் அதற்கு உடன்பட்டது. நடப்புச் சாம்பியனே வேண்டாம் என்று போகலாம் என்றான பிறகு மற்றவர்களை என்ன சொல்ல? பெரிய அணிகள் ஆரம்பச் சுற்றுகளில் இரண்டாம் வரிசை ஆட்டக்காரர்களை இறக்கத் தொடங்கின. முதல் நான்கு இடத்துக்குள் வருவதே ஒரு கோப்பைதான் என்று அர்சனலின் ஆர்சென் வெங்கர் சொன்னபோது சிரித்தவர்கள் உண்டு. கணக்குப் பார்த்தவர்கள் சிரிக்கவில்லை. 2025இல் இறுதிப் போட்டியில் வென்றால் பரிசு 20 லட்சம் பவுண்டாக இருந்தது. லீக் பட்டியலில் ஒரே ஒரு இடம் மேலே ஏறினால் ஏறக்குறைய 30 லட்சம் பவுண்டு. சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி பெற்றால் கோடிகளில் வரும்.

மரபுகளும் ஒவ்வொன்றாகக் கழன்றன. 2008 முதல் அரையிறுதிகளையும் வெம்ப்ளியிலேயே நடத்துகிறார்கள். இறுதிக்குத் தகுதி பெற்றால்தான் வெம்ப்ளி என்ற ஏக்கம் அதோடு போயிற்று. மதியம் மூன்று மணி என்ற நேரம் 2012இல் தொலைக்காட்சிக்காக மாலைக்குத் தள்ளப்பட்டது. 2024-25 பருவத்தில் முதல் சுற்று தொடங்கி, சமனில் முடிந்தால் ஆடும் மறு ஆட்டங்களையே ஒழித்துவிட்டார்கள். ஐரோப்பியப் போட்டிகள் பெருத்துவிட்டன, தேதி இல்லை என்பது காரணம். அடிபட்டது சின்ன அணிகளின் வயிறு. 2005இல் லீக்கிலிருந்தே இறங்கிக் கடனில் மூழ்கியிருந்த எக்ஸிட்டர் சிட்டி, ஓல்டு டிராஃபோர்டில் யுனைடெட்டை 0-0 என்று நிறுத்தியது. அந்த ஆட்டமும் அதன் மறு ஆட்டமும் கொடுத்த பணத்தில்தான் அணி பிழைத்தது. இனி அப்படி ஒரு எக்ஸிட்டர் வர வழியில்லை.

அந்த வாரம் லண்டன் பத்திரிகைகளைப் புரட்டினால் பில்பாவோ என்ற ஊர்ப்பெயர்தான் அதிகம். ஸ்பெயினில் இருக்கும் அந்த ஊரில் அடுத்த புதன்கிழமை யூரோப்பா லீக் இறுதி. மோதுபவை டாட்டன்ஹாமும் மான்செஸ்டர் யுனைடெட்டும். லீக் பட்டியலில் இரண்டும் அடிமட்டத்துக்குக் கொஞ்சம் மேலே கிடந்தவை. ஆனால் வென்றவருக்குச் சாம்பியன்ஸ் லீக் கதவு திறக்கும். அதனால் அதுதான் பெரிய ஆட்டம் என்று ஆயிற்று. எஃப்.ஏ. கோப்பையை வென்றாலோ யூரோப்பா லீக்கில் நுழையத்தான் இடம்.

இதையெல்லாம் மாமாவின் மகளிடம் சொன்னேன். அவள் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் சீசன் டிக்கெட் வைத்திருப்பவள். அப்பாவுக்கும் தனக்கும் வெம்ப்ளிக்கு இடம் வாங்கிவிட்டாள், எனக்குக் கிடைக்கவில்லை.

"மதிப்புக் குறைஞ்சிட்டுது எண்டு ஆர் அண்ணா சொல்லுறது? வீட்டில கோப்பை வைக்க இடமில்லாத ஆக்கள் சொல்லுவினம். அப்பா 90இல அழுதவர். 2016இல நான் அழுதனான். எங்கட வீட்டில மதிப்பு அப்படியேதான் இருக்கு."

1990இல் பேலஸ் முதல்முறையாக இறுதிக்கு வந்தது. அந்தப் பருவத்தில் லிவர்பூலிடம் 0-9 என்று தோற்று, அதே லிவர்பூலை அரையிறுதியில் 4-3 என்று சாய்த்த அணி அது. இறுதியில் யுனைடெட்டோடு 3-3. காலெலும்பு முறிந்து குணமாகி வந்த இயன் ரைட், மாற்று ஆட்டக்காரராக இறங்கி இரண்டு கோல் அடித்தார். மறு ஆட்டத்தில் 0-1 என்று தோல்வி. அது நடந்த தேதி மே 17. 2016இல் மறுபடியும் யுனைடெட். 78ஆவது நிமிடத்தில் பேலஸ் முந்தியது, மூன்றே நிமிடத்தில் சமன், கூடுதல் நேரத்தில் தோல்வி. இந்த முறை ஸ்டாக்போர்ட், டான்காஸ்டர், மில்வால் ஆகிய மூன்றையும் தாண்டி, ஃபுல்ஹாமை 3-0, அரையிறுதியில் ஆஸ்டன் வில்லாவை 3-0 என்று வென்று வந்திருந்தார்கள்.

சனிக்கிழமை காலை மாமா சாமி படத்துக்கு முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். திருநீறு பூசி, மேலே பழைய பேலஸ் ஜெர்சி. கழுத்துப் பட்டி மஞ்சளேறி, விளம்பர எழுத்து பாதி உரிந்திருந்தது. புதியது வாங்கித் தருவதாக மகள் சொல்லியும் கேட்கவில்லையாம். தார்ன்டன் ஹீத் நிலையத்தில் நடைமேடை முழுக்கச் சிவப்பு நீலம். பாட்டியும் பேரனும், கைக்குழந்தையோடு தம்பதி, ஊன்றுகோலோடு ஒரு முதியவர். விக்டோரியா போய்ச் சேரும்வரை பெட்டியில் பாட்டு ஓயவில்லை. தமிழ்க் குடும்பம் ஒன்று பெட்டியின் மூலையில் இடியப்பப் பொட்டலத்தைப் பிரித்தது. அந்த வாசனைக்கு யாரும் முகம் சுளிக்கவில்லை, ஒருவர் என்னவென்று கேட்டு வாங்கித் தின்றார்.

வெம்ப்ளி பார்க் நிலையத்தின் படிகளில் நின்றால் நேர் எதிரே மைதானம். 133 மீட்டர் உயர வளைவு வானத்தைப் பிடித்து நிற்கிறது. 1923இல் இங்கே நடந்த முதல் இறுதிப் போட்டியில் கணக்குக்கு வந்த கூட்டமே 1,26,047. கணக்கில் வராமல் சுவரேறிக் குதித்தவர்கள் எத்தனையோ. புல்தரைக்கே வழிந்த கூட்டத்தை வெள்ளைக் குதிரையில் வந்த ஒரு போலீஸ்காரர் ஒதுக்கிவிட்ட பிறகுதான் ஆட்டம் தொடங்கியதாம். அந்த இரட்டைக் கோபுர மைதானத்தை இடித்துக் கட்டிய புதியது 2007இல் திறக்கப்பட்டது.

நடைபாதையில் இரு தரப்பையும் பார்த்தேன். சிட்டி ரசிகர்கள் தொடர்ந்து மூன்றாவது ஆண்டாக இறுதிக்கு வருகிறவர்கள். எந்தக் கடையில் பீர் மலிவு, எந்த வாசலில் வரிசை குறைவு என்பது அத்துபடி. பேலஸ்காரர்களோ கல்யாண வீட்டுக்கு முதல் பந்தியிலேயே வந்துவிட்ட பெண் வீட்டார்போல என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். மாமா நுழைவாயிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தோத்தாலும் பரவாயில்லைத் தம்பி" என்றார். மகள் அவரை முறைத்தாள்.

டிக்கெட் இல்லாத நான் ஈலிங் ரோடு பக்கம் நடந்தேன். வெம்ப்ளி மைதானத்தை உலகம் அறியும். அதன் நிழலில் குஜராத்திகளும் ஈழத் தமிழர்களும் அமைத்துக்கொண்ட இந்த ஊரை ஆட்டம் பார்க்க வருகிறவர்களில் பலர் அறியார். சேலைக் கடைகள், இனிப்புக் கடைகள், செதுக்கிய கல் கோபுரத்தோடு சனாதன் மந்திர், கொஞ்சம் தள்ளி ஆல்பர்ட்டனில் ஈழபதீஸ்வரர் ஆலயம். ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் தொலைக்காட்சி ஓடியது. வடையும் பிளேன் டீயும் வாங்கி உட்கார்ந்தேன்.

நாலரைக்கு ஆட்டம் தொடங்கியது. பந்து முழுக்கச் சிட்டியின் காலில். 16ஆவது நிமிடத்தில் பேலஸ் முதல்முறையாக மேலேறியது. வலப்பக்கத்திலிருந்து முன்யோஸ் அனுப்பிய பந்தை எபெரெச்சி எஸே அந்தரத்திலேயே அடித்து உள்ளே தள்ளினார். 36ஆவது நிமிடத்தில் சிட்டிக்குப் பெனால்டி. ஹாலண்ட் பந்தைச் சக ஆட்டக்காரர் மர்மூஷிடம் கொடுத்தார், பேலஸ் கோல்கீப்பர் ஹெண்டர்சன் பாய்ந்து தடுத்தார். அதற்குப் பிறகு கடையில் சமையல்காரரும் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். கூடுதலாகக் கொடுத்த நிமிடம் பத்து. அந்தப் பத்து நிமிடமும் கொத்து ரொட்டிச் சத்தம் நின்றிருந்தது. முடிவு 1-0.

இரவு வீடு திரும்பிய மாமாவுக்குத் தொண்டை அடைத்துப் பேச்சு வரவில்லை. லண்டன் ரோட்டில் கார்கள் விடியும்வரை ஹார்ன் அடித்தன.

பிறகு நடந்ததையும் சொல்லியாக வேண்டும். பேலஸின் பங்குகளில் ஒரு பகுதியை வைத்திருந்தவருக்குப் பிரான்சின் லியோன் அணியிலும் பங்கு இருந்தது. அந்தக் காரணத்தால் ஐரோப்பியச் சம்மேளனம் பேலஸை யூரோப்பா லீக்கிலிருந்து இறக்கி, மூன்றாம் நிலைக் கான்ஃபரன்ஸ் லீக்குக்கு அனுப்பியது. மேல்முறையீடும் தோற்றது. களத்தில் வென்றதைப் பங்குப் பத்திரம் பறித்தது. கோல் அடித்த எஸே ஆகஸ்டில் அர்சனலுக்குப் போனார். கேப்டன் மார்க் கேஹியை, மறு ஆண்டு ஜனவரியில், தோற்ற சிட்டியே வாங்கிக்கொண்டது. கோப்பையின் மதிப்பு குறைந்தது என்கிறார்களே, குறைத்தவர்கள் யார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அதே ஜனவரி 10ஆம் தேதி, நடப்புச் சாம்பியனான பேலஸ் ஆறாம் பிரிவில் ஆடும் மேக்கிள்ஸ்ஃபீல்டுக்குப் போய் 1-2 என்று தோற்றது. கடனில் கலைக்கப்பட்டு 2020இல் புதிதாகத் தொடங்கப்பட்ட அணி அது. லீக்கில் இல்லாத ஓர் அணி நடப்புச் சாம்பியனை வெளியேற்றியது அதற்கு முன் 1909இல். அன்று உல்வ்ஸ் அணியை வீழ்த்தியது, அந்தப் பூங்காவில் ஆடிக்கொண்டிருந்த கிரிஸ்டல் பேலஸ். எஃப்.ஏ. கோப்பைக்கு இன்னும் மதிப்பு இருக்கிறதா என்று கேட்க நினைப்பவர்கள் பெரிய அணிகளின் கணக்கப்பிள்ளைகளிடம் போக வேண்டாம், மேக்கிள்ஸ்ஃபீல்டுக்கு ரயில் ஏறுங்கள்.