கால்வாய்ப் படகும் கூரை வெயிலும்

இங்கிலாந்துக் கால்வாய்களில் மக்கள் குடியிருக்கும் நேரோபோட் என்ற ஒடுங்கிய படகு 7 அடிகூட அகலம் இருக்காது. குறுகலான பழைய மதகுகளுக்குள் அவ்வளவுதான் நுழையும். நீளம் மட்டும் 60, 70 அடி வரை போகும். விறகு, நிலக்கரி மூட்டை, சைக்கிள், பூந்தொட்டி எல்லாம் அந்த இரும்புக் கூரைமேல்தான். சோலார் பேனலுக்கும் அங்கேதான் இடம் ஒழிக்க வேண்டும்.

*

முதல் கணக்கு செலவுக் கணக்கு. 12 வோல்ட் ஃபிரிட்ஜ் நாளுக்குச் சுமார் அரை யூனிட் எடுக்கும். விளக்கு, தண்ணீர்ப் பம்பு, லேப்டாப்புக்கு இன்னொரு அரை. சமையலுக்கு கேஸ், குளிருக்கு விறகடுப்பு. ஆக ஒரு யூனிட்டில் ஒரு நாள் ஓடிவிடும். இவ்வளவு குறைவாகச் செலவழித்து வாழ முடிகிறது என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

*

400 வாட் பேனல் ஜூன் மாத நல்ல வெயிலில் நாளுக்கு 2 யூனிட்டை நெருங்கும். டிசம்பரில் அதில் பத்தில் ஒரு பங்கு தேறினாலே அதிகம். லண்டனில் டிசம்பர் 21 அன்று பகல் 8 மணி நேரம்கூட இல்லை. நடுப்பகலிலும் சூரியன் 15 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். பேனலைச் சாய்த்து நிமிர்த்தலாம். கிளம்பும்போது மடக்கியாக வேண்டும், பாலங்கள் அவ்வளவு தாழ்வு.

*

நிழல் பொல்லாதது. பேனலின் செல்கள் சரமாகக் கோக்கப்பட்டவை, வழக்கமாக மூன்று சரம். அடுப்புப் புகைபோக்கியின் நிழல் ஒரு செல்லை மூடினால் போதும், அந்தச் சரமே முடங்கி மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் போய்விடும். கோடையில் மரத்தடியில் படகைக் கட்டினால் உள்ளே குளுகுளு என்றிருக்கும், பேட்டரி இறங்கிக்கொண்டே போகும். நிரந்தரத் துறை இல்லாத படகு பொதுவாக ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் வெயில் பார்த்துத்தான் கரை தேட வேண்டும்.

*

பேனலின் உண்மையான அருமை வேறொன்றில் இருக்கிறது. ஈய-அமில பேட்டரி 80 சதவீதம் வரை விறுவிறுவென ஏறும். கடைசி 20 சதவீதத்துக்கு மணிக்கணக்காகும். பாதியில் விட்டால் தட்டுகளில் சல்ஃபேட் இறுகி பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். அந்தக் கடைசிச் சொட்டுக்காக டீசல் எஞ்சினை ஓடவிட்டால் எண்ணெய்க்கும் நட்டம், எஞ்சினுக்கும் கேடு. பக்கத்துப் படகுக்காரருக்குத் தொல்லை வேறு. இரவு 8 முதல் காலை 8 வரை அக்கம்பக்கத்தார் காதில் விழும்படி எஞ்சின் ஓட்டவே கூடாது. காலையில் சிறிது நேரம் எஞ்சின், மிச்சத்தைப் பேனல் பார்த்துக்கொள்ளட்டும். மெல்லிய மின்னோட்டத்தை நாள் முழுக்கச் சத்தமின்றி ஊட்ட அதைவிட நல்ல கருவி இல்லை.

லித்தியத்தில் இந்தச் சிக்கல் கிடையாது. ஆனால் உறைநிலைக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. எஞ்சின் அறையில் வைக்காமல் கதகதப்பான இடத்தில் வையுங்கள்.

*

படகுக்குக் குடிபோகிறவர்களுக்கு: டிசம்பரை ஜெயிக்கலாம் என்று கூரை முழுக்கப் பேனல் பரப்பாதீர்கள். மரநிழலில் கட்டாதவரை, ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை 400 வாட் தாராளம். மிச்சப் பணத்தில் நல்ல பேட்டரியும் ஒரு பேட்டரி மானிட்டரும் வாங்குங்கள்.