மருத்துவபீடத்து வாயிலும் நான்கு பாடங்களும்

கல்லூரி மலருக்கு யாதேனும் எழுதுக என மலர்க்குழுவினர் பணித்தனர். பழைய மாணவர் எழுதுங்கால் விளையாட்டு வெற்றிகளையும் வகுப்பறைக் குறும்புகளையும் நினைவுகூர்தல் மரபு. யாமோ, உயர்தர விஞ்ஞான வகுப்பிற் பயின்றோரை என்றும் ஆட்டிவைக்கும் ஒரு பொருளைப் பற்றியே எழுத விழைகின்றோம். மருத்துவபீடத்தினுட் புகுமுன் கற்றுத் தேறவேண்டிய பாடங்களே அப்பொருள்.

பொரளையை அடுத்துக் கின்சி வீதியில் நிற்கும் கொழும்பு மருத்துவபீடம் 1870ஆம் ஆண்டில் மருத்துவப் பள்ளியாகத் தொடங்கியது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1881இல் எழுந்த கொக் நினைவு மணிக்கூட்டுக் கோபுரம் அதன் அடையாளம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த பெற்றோர் பலர், பிள்ளை அரிச்சுவடி கற்கும்போதே அக்கோபுரத்தைக் கனவிற் கண்டனர்.

யாம் உயர்தர வகுப்பிற் பயின்ற 1970களில் பௌதிகவியல், இரசாயனவியல், தாவரவியல், விலங்கியல் என்னும் நான்கும் அவ்வாயிலின் திறவுகோல்களாயிருந்தன. ஆய்கூடத்தில் அளவியைத் திறந்து, கரைசல் நிறம் மாறும் அந்த ஒரு துளிக்காக மூச்சடக்கி நின்றோம். தேரையை வெட்டி நரம்புகளைத் தேடினோம். “நாடி பார்க்கப் போகிறவனுக்கு வில்லையும் ஊசலும் எதற்கு?” என்று எம்முள் ஒருவன் கேட்டான். ஆசிரியர் சினந்தாரல்லர். “கண்ணுக்குள் இருப்பதும் வில்லைதானே, தம்பி” என்று மட்டும் கூறினார்.

அச்சொல்லின் பொருள் பிற்காலத்திலேயே எமக்கு முற்றும் விளங்கியது. குருதியமுக்கம் பாய்பொருளியலன்றிப் பிறிதன்று. நோயாளியின் நாளத்தில் ஏற்றும் உப்புக்கரைசல் நூற்றுக்கு 0.9 என்னும் அளவில் ஏன் இருத்தல்வேண்டும் என்பதைப் பிரசாரணம் கற்றவனே அறிவான்; வெறும் நீரை ஏற்றினாற் செங்குருதிக் கலங்கள் வீங்கி வெடிக்கும். ஆதலின் இப்பாடங்கள் வாயிலை அடைக்கும் கதவுகளல்ல, உள்ளே ஏறும் படிகளே. இக்கல்வி தமிழுக்கும் புதிதன்று. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன், ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூலைத் தமிழில் 1875ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார்.

எனினும், படிகளை ஏறியோர் அனைவருக்கும் வாயில் திறக்கவில்லை என்பதையும் கூறாதுவிடல் நேர்மையன்று. நான்கு பாடங்களுக்கும் மொத்தப் புள்ளிகள் 400. 1971ஆம் ஆண்டு அனுமதியில், மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 250 புள்ளிகள் பெறவேண்டியிருக்க, சிங்களமொழி மூல மாணவருக்கு 229 போதுமாயிற்று. தரப்படுத்தல் என்னும் அச்சொல் எத்தனை இல்லங்களில் விளக்கை அணைத்தது! 1974இல் மாவட்ட அடிப்படையும் வந்து சேர்ந்தது. எம்முடன் ஒரே வாங்கிலிருந்து பயின்றோருட் சிலர் கடல் கடந்தனர், சிலர் எழுதுவினைஞராயினர், சிலர் ஆசிரியராகித் தாம் காணாத வாயிலுக்குப் பிறர் பிள்ளைகளை அனுப்பிவைத்தனர். அவர்கள் கற்ற விஞ்ஞானம் வீண்போயிற்று என்று எவரும் கூறற்க.

இன்று தாவரவியலும் விலங்கியலும் உயிரியலென ஒன்றாகிப் பாடங்கள் மூன்றாயின. 2001 முதல் இசட் புள்ளி முறை நடைமுறையில் உள்ளது. அனுமதியில் நூற்றுக்கு 40 நாடளாவிய திறமைக்கும், 55 மாவட்டங்களுக்கும், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. கொழும்பு மாவட்டத்தில் போட்டி கடுமையானது. அரைப் புள்ளியும் ஒருவன் வாழ்வைத் திருப்பவல்லது.

ஆதலின் எம் இளைய தம்பியருக்கு யாம் கூறுவது இதுவே. வினாத்தாள்களை மனனஞ் செய்வதோடு அமையாது, ஆய்கூடத்தில் உங்கள் கையால் ஒரு துளியையேனும் அளந்து பாருங்கள். பொரளை வாயில் திறப்பதும் திறவாததும் உங்கள் கையில் மட்டும் இல்லை. கற்ற அறிவோ எவராலும் பறிக்கவொண்ணாதது.