ஊலுருவா, பனிமலையா?

எனக்கு மொத்தம் 14 நாள்தான் லீவு. "ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் பக்கத்துப் பக்கத்துலதானே, ரெண்டையும் பாத்துரலாம்"னாங்க தங்கமணி. பக்கந்தான்! சிட்னியிலேர்ந்து குயின்ஸ்டவுனுக்கே மூணு மணி நேரம் பறக்கணும். விசாவும் தனித்தனி. சென்னையிலேர்ந்து போக வரவே மூணு நாள் காலி.

ஊலுரு பாறை என் பல வருஷ ஆசை. அதுக்கு சிட்னியிலேர்ந்து இன்னொரு மூணரை மணி நேரம். கூட வர்றது அம்மா. 72 வயசு, முழங்கால் வலி. பனிமலையை ஒரு தடவை கண்ணால பாக்கணும்னாங்க. மறுபடி இவ்வளவு தூரம் வர முடியுமான்னு நான் கேக்கலை, அவங்களும் சொல்லலை.

ஊலுருவை அடிச்சாச்சு. சிட்னி நாலு நாள், தெற்குத் தீவு ஏழு. குயின்ஸ்டவுன்லேர்ந்து மில்ஃபோர்ட் சவுண்டுக்குப் போக மட்டும் ரோட்டுல நாலு மணி நேரம். ஒரே நாள்ல போய்த் திரும்பினா அம்மா முழங்கால் தாங்காது, வழியில டே அனாவ்ல ராத்தங்கல்.

சாப்பாட்டுச் சாமானை எழுதிக் காட்டாம கொண்டு போனா நியூசிலாந்துல 400 டாலர் தண்டம். அம்மா மாவடு டப்பாவை பெட்டிக்குள்ள வச்சுட்டாங்க மக்களே, யார் போய்ச் சொல்றது?