மன்னிப்பது என்றால் மறப்பதா?

ஊட்டியில் குளிர் கடுமையாகும் மாதங்களில் விடுதிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் மலையிறங்கித் தங்கள் வீடுகளுக்குப் போவது வழக்கம். அப்படி விடுமுறைக்குப் போன இரண்டு சிறுவர்கள் 1999-ஆம் ஆண்டு ஊட்டிக்குத் திரும்பவே இல்லை. பிலிப்புக்கு வயது 10, தீமோத்திக்கு 6.

அவர்களுடைய வீடு ஒரிசாவின் பாரிபதாவில் இருந்தது. அப்பா கிரகாம் ஸ்டெயின்ஸ் ஆஸ்திரேலியாக்காரர். 1965-இல் இந்தியா வந்தவர், தொழுநோயாளிகளுக்கான இல்லத்தில் பல ஆண்டுகள் சேவை செய்தார். ஜனவரி 22 அன்று மனோகர்பூர் கிராமத்தில் நடந்த கிறிஸ்தவக் கூட்டத்துக்கு மகன்களையும் அழைத்துப் போயிருந்தார். இரவில் மூவரும் வண்டிக்குள்ளேயே தூங்கினார்கள். தாரா சிங் என்பவன் தலைமையில் வந்த கும்பல் அந்த வண்டிக்குத் தீ வைத்தது. மூவரும் கருகி இறந்தார்கள்.

மனைவி கிளாடிஸும் மகள் எஸ்தரும் மட்டும் மிஞ்சினார்கள். கொலை செய்தவர்களைத் தான் மன்னித்துவிட்டதாக கிளாடிஸ் சொன்னபோது நாடே திகைத்தது. இது சாத்தியமா? வெறும் பேச்சுதானே என்று கேட்டவர்களும் உண்டு.

ஆனால் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். ஊரை விட்டு ஓடவில்லை. அதே பாரிபதாவில் தங்கி, அதே தொழுநோயாளிகளைக் கவனித்தார். 2004-இல்தான் ஆஸ்திரேலியா திரும்பினார். 2005-இல் இந்திய அரசு அவருக்கு பத்மஸ்ரீ வழங்கியது.

நண்பர்களே, இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மன்னிப்பு வேறு, சட்டம் தரும் தண்டனை வேறு என்பதில் கிளாடிஸ் தெளிவாக இருந்தார். வழக்கு அதன் வழியில் நடந்தது. 2003-இல் தாரா சிங்குக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005-இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2011-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அவர் மன்னித்ததால் குற்றம் குற்றமில்லை என்று ஆகிவிடவில்லை. கணவரும் பிள்ளைகளும் இல்லாத துயரமும் போய்விடவில்லை. கசப்பு மட்டும்தான் போனது.

அதற்கான பலம் அவருடைய விசுவாசத்திலிருந்து வந்தது. மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் இயேசு ஒரு கதை சொல்கிறார். ராஜாவிடம் பெருங்கடன் பட்ட ஒருவனுக்கு எல்லாக் கடனும் தள்ளுபடி ஆகிறது. வெளியே வந்த அவனோ, தனக்குச் சிறு தொகை தர வேண்டியவனின் கழுத்தைப் பிடிக்கிறான்! தானே மன்னிப்புப் பெற்றவன் என்பதை அவன் மறந்துவிட்டான். அதை மறக்காதவர்களால்தான் மன்னிக்க முடிகிறது.

நம்முடைய கணக்குப் புத்தகத்தில் என்ன இருக்கிறது? நண்பன் சொன்ன ஒரு சொல், சொத்துப் பிரிப்பில் சித்தப்பா செய்த அநியாயம்... வருஷக்கணக்கில் அதற்கு வட்டி போட்டுக்கொண்டிருக்கிறோம். அந்த வட்டியைக் கட்டுவது எதிராளி அல்ல. நம்முடைய தூக்கம்தான் போகிறது.

இன்று ஒரு பெயரையாவது அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாமே?