கடல் கடந்து வந்த கருவி

யாழ்ப்பாணப் பட்டினத்தின் மேற்கே பண்ணைத் தாம்போதியில் ஏறுவோர்க்கு இருமருங்கும் கடலே துணையாக வரும். அல்லைப்பிட்டியைக் கடந்து வேலணையை அடைந்தால் ஒரு பாதை ஊர்காவற்றுறைக்குச் செல்லும். மற்றொன்று புங்குடுதீவின் ஊடாகச் சென்று குறிகட்டுவான் இறங்குதுறையில் முடியும். அதற்கப்பால் சக்கரங்களுக்கு வேலையில்லை. நயினாதீவு கண்ணுக்கெட்டும் தூரத்திலே தெரியும். நெடுந்தீவுக்கோ ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணம் வேண்டும்.

ஆனி மாதத்தில், நயினை நாகபூஷணி அம்மன் திருவிழாக் காலத்தில், இத்துறையில் நிற்போர் பல தேசங்களை ஒருங்கே காணலாம். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் வாழ்வோர் குடும்பத்தோடு வந்து படகேறுகின்றனர். அவர்தம் பெட்டிகளில் அம்மனுக்குப் பட்டும் உறவினர்க்கு உடுப்பும் மட்டுமன்றி, பாட்டுப் பெட்டிகளும் ஒலிபெருக்கிகளும் வருகின்றன. அன்போடு கொண்டுவரப்படும் அப்பொருள்களிற் சில, தீவின் மின்சாரத்தைத் தொட்ட கணமே கருகிவிடுகின்றன. அது ஏன் என்பதை அன்பர்களுக்குச் சொல்லவே இங்கு புகுந்தோம்.

ஊர்காவற்றுறை தரைவழித் தொடர்புடையது. யாழ்ப்பாணத்து மின்கம்பிகளே அங்கும் செல்கின்றன. நயினாதீவும் நெடுந்தீவும் அவ்வாறல்ல. அவற்றுக்கு வேண்டிய மின்சாரத்தை டீசல் இயந்திரங்களைக் கொண்டு அவ்வவ்விடத்திலேயே பிறப்பித்து வந்துள்ளனர். அந்த டீசலும் கடல்வழியே வந்து சேரவேண்டியது. வெயிலுக்கும் காற்றுக்கும் குறைவில்லாத இத்தீவுகளில் அவற்றைக் கொண்டே மின்சாரம் பெறுவதற்கான ஒப்பந்தம் 2024 மார்ச்சில் கைச்சாத்தாயிற்று. அனலைதீவும் சேர்ந்த மூன்று தீவுகளுக்குமாக 1,700 கிலோவாற்று சூரிய சக்தியும் 530 கிலோவாற்று காற்றுச் சக்தியும் இந்திய நன்கொடையிற் பெறுவது அதன் திட்டம். ஆயினும் மின்சாரம் எதனாற் பிறப்பினும், இலங்கையின் வீட்டுச் சுவரில் அதற்கென விதித்த அளவு ஒன்றே: 230 வோல்ற், 50 ஹேட்ஸ்.

கனடாவிலோ அது 120 வோல்ற், 60 ஹேட்ஸ். இந்த வேற்றுமை எவரும் வேண்டுமென்று செய்ததன்று. அமெரிக்காவில் எடிசன் தம் விளக்குகளுக்கு ஏற்ப ஏறக்குறைய 110 வோல்ற்றில் தொடங்கினார். அந்நாடுகள் அதனை ஒட்டியே வளர்ந்தன. பேர்லின் நகரத்து மின்நிறுவனமோ, இருக்கும் கம்பிகளிலேயே கூடுதலான மின்சக்தியைச் செலுத்த விரும்பி 1899இல் 220 வோல்ற்றுக்கு மாறிற்று. ஐரோப்பா அவ்வழியைப் பின்பற்றியது. யப்பானில் இன்றும் 100 வோல்ற். அதிலும் கிழக்கே 50 ஹேட்ஸ், மேற்கே 60 ஹேட்ஸ்.

மின்சாரத்தின் அளவை யாழ்ப்பாணத்தவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை என்று சொல்லத் தோன்றும். 1990களின் முற்பகுதியில், மின்சாரமும் இல்லை, பற்றறிகளுக்கும் தடை என்றிருந்த காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் அவர்கள். சுழற்சி தளர்ந்தால் குரல் மங்கும். விரைந்தால் மின்னழுத்தம் ஏறும். கையறிந்த அந்த அறிவு இன்று கைதவறிப் போவது சுவரில் செருகும் சிறு துண்டினாலேயே.

நயினாதீவில் ஒரு வீட்டில் நாம் கண்டது இது. அவ்வீட்டுத் தலைவர் தேவாரம் பாடுவதில் வல்லவராக இருந்து மறைந்தவர். 1970களில் பட்டினத்து உறவினர் வீட்டில் அவர் பாடிய பாட்டுகள் இரண்டு ஒலிநாடாச் சுருள்களில் இருந்தன. அவற்றை ஒலிக்கச் செய்யக் கருவி இல்லை. கனடாவிலுள்ள மகள் பழைய சுருள்நாடாக் கருவி ஒன்றைத் தேடி வாங்கி, செருகியின் கால்களை மாற்றித் தரும் துண்டோடு கொண்டுவந்தார். செருகி நன்றாகவே பொருந்திற்று. ஆளியைப் போட்டதும் ஓர் உறுமல், பின்னர் புகை.

நாடா தப்பியது, கருவி ஊர்காவற்றுறைக்குப் பயணமாயிற்று. அங்கு பழுது பார்ப்பவர் மூடியைத் திறந்து, கருகிய சுருளைக் காட்டி, "கால் பொருந்தினால் கறண்ட் பொருந்தி விடுமோ, ஐயா?" என்று கேட்டார். நாம் கேட்ட விஞ்ஞான விளக்கங்களுள் அதனினும் சுருக்கமானது வேறில்லை.

120 வோல்ற்றுக்கு அமைந்த மின்மாற்றியில் 230 வோல்ற் பாயும்போது அதன் இரும்பு தாங்கக்கூடிய காந்த எல்லை கடந்துவிடும். எல்லை கடந்ததும் சுருளில் மின்னோட்டம் கட்டுமீறி ஏறி, கம்பியின் காப்பை எரிக்கும். மின்தேக்கிகளும் தம் அளவுக்கு மேற்பட்ட அழுத்தத்தால் வெடிக்கக்கூடும்.

மின்மாற்றியைப் புதிதாகச் சுற்றுவித்து, மோட்டாருக்கும் 120 வோல்ற்றே கிடைக்கும்படி செய்து கருவியை மீண்டும் ஓடவிட்டனர். பாட்டு எழுந்தது. ஆனால் கேட்டிருந்த முதிய அம்மையார், "இது அவருடைய குரலில்லை, தம்பி" என்று தலையசைத்துவிட்டார். குரல் கனத்து, பாட்டு இழுபட்டது. அதற்குக் காரணம் வோல்ற் அன்று, ஹேட்ஸ். மின்சாரத்தின் அதிர்வோடு ஒத்துச் சுழலும் அம்மோட்டார், 60க்குப் பதில் 50 கிடைத்ததும் ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே ஓடியது. 10 நிமிடப் பாட்டு 12 நிமிடமாகும். சங்கீதம் அறிந்தோர்க்குச் சொல்வதானால், ஸட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள இடைவெளியளவு சுருதி இறங்கிவிடும். எந்த மின்மாற்றியும் இதைத் திருத்தாது. மோட்டார் அச்சிலிருந்த சிறு கப்பியை ஆறுக்கு ஐந்து என்ற கணக்கிற் பெரிதாக்கிக் கடைந்து பூட்டினர். மீண்டும் நாடா ஓடியபோது அம்மையார் பேசவில்லை. முந்தானையாற் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றே அப்பாட்டைக் கைப்பேசியிற் பதிந்து மகளுக்கு அனுப்பினர்.

ஆகையால் அன்பர்களே, கருவியை அனுப்புமுன் அதன் பின்புறத்துச் சிறு எழுத்துகளைப் படியுங்கள். '100–240 வோல்ற், 50/60 ஹேட்ஸ்' என்றிருந்தால் அச்சமில்லை. இக்காலத்துக் கைப்பேசி மின்னூட்டிகள் பெரும்பாலும் அத்தகையனவே. அளவை மாற்றும் ஆளி பின்புறத்தில் இருப்பின், செருகுமுன் அதனை 230க்கோ 240க்கோ திருப்புங்கள். '120' மட்டும் இருந்தால், கருவியின் வாற்று அளவிலும் பெரிய இறக்குமின்மாற்றி ஒன்று கட்டாயம் வேண்டும். இசைத்தட்டும் நாடாவும் சுழற்றும் பழைய கருவியாயின், ஹேட்ஸையும் பாருங்கள். கருவி கெட்டால் வேறொன்று வாங்கலாம். மறைந்தவரின் குரலைத் தாங்கிய நாடா கெட்டால், அதற்கு ஈடாக வாங்குவதற்கு எந்த நாட்டிலும் கடையில்லை.